சேவை சரி, பஸ் காசு யார் தருவது?

சென்ற மாதம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். வேலைக்கு விண்ணப்பிப்பதற்காகத் தன் சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்று, டி.பார்ம் பட்டயம், பார்மசி கவுன்சில் பதிவு என்று வரிசையாக அடுக்கினார். கடைசியில் வழவழப்பான அட்டை ஒன்று இருந்தது. கொரோனா தடுப்பூசி முகாமில் தன்னார்வலராகப் பணியாற்றியதற்குக் கல்லூரி கொடுத்த பாராட்டுச் சான்று அது. "இதையும் வைக்கட்டுமா அண்ணா? இதுக்கு ஏதாவது மார்க் உண்டா?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்த விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட ஒரு கட்டம்கூட இல்லை. அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் நின்ற முகாமை நேரில் பார்த்தவன் நான்.

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க முதல் மெகா தடுப்பூசி முகாம் அன்றுதான் நடந்தது. சுமார் 40 ஆயிரம் இடங்களில் முகாம் போட்டு, ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். இவ்வளவு பெரிய வேலைக்கு இருக்கிற செவிலியர்கள் போதாது. பல ஊர்களில் நர்சிங், பார்மசி மாணவர்கள் முகாம்களில் உதவிக்கு நின்றார்கள். பெயர் பதிவது, ஆதார் சரிபார்ப்பது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அந்தப் பெண் அப்போது டி.பார்ம் இரண்டாம் ஆண்டு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அப்பா செங்கல் சூளையில். அவரைத் தோழிகள் மூவருடன் சொந்தக் கிராமத்துக்கே அனுப்பியிருந்தார்கள். முகாம் ஊர்த்தெருவில் உள்ள பள்ளியில். காலனி அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி ஒரு கிலோமீட்டர். காலையிலிருந்து மாலை வரை ஊர்த்தெருக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது, "காலனி ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல" என்றார் பணியில் இருந்த ஒருவர். இந்த வாக்கியத்தை எத்தனை அலுவலகங்களில் கேட்டிருப்போம்! பள்ளிக்கூடத்தில் பிள்ளை நின்றால் விழிப்புணர்வு இல்லை, வங்கியில் கடன் கிடைக்காவிட்டால் விழிப்புணர்வு இல்லை. அந்த மாணவி மெதுவாகச் சொன்னார்: "சார், எங்க ஜனங்க வரலன்னா பயம் மட்டும் காரணம் இல்ல. இங்க வந்தா கடைசியா நிக்கணும். அது அவங்களுக்குத் தெரியும். டேபிள அங்க கொண்டுபோங்க."

குப்பியும் பத்துப் பேரும்

மேசையைக் கொண்டுபோவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. காரணம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருக்கும், ஆளுக்கு அரை மில்லி. அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். தடுப்பூசி போடத் தொடங்கிய மாதங்களில் தமிழ்நாட்டில் வீணான மருந்தின் அளவு பெரிய பேச்சாகியிருந்தது. அதனால் பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறக்கச் செவிலியர்கள் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "நீ ஆள் சேத்து வை பாப்பா, நான் பெட்டியோட வரேன்" என்றார் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர்.

அந்த வாரம் முழுக்க, கல்லூரி விட்டு வந்தபின் மாணவி வீடு வீடாகப் போனார். சூளைக்குப் போகிறவர்கள் இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதினார். பத்துப் பெயர் சேர்ந்தால் ஒரு கோடு. சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, முன்பு ஊசி போட்டு மயங்கி விழுந்தவர் ஆகியோருக்குப் பக்கத்தில் தனிக் குறி. செவிலியர் வந்ததும் இவர்களிடம் முதலில் பேச வேண்டும் என்பதற்காக. பதிவுக்குக் கைப்பேசி எண் வேண்டும். அப்போது ஓர் எண்ணில் நான்கு பேரைத்தான் பதிய முடியும். காலனியில் பாதி வீட்டில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போனவர் பையில். மாணவியும் தோழிகளும் தங்கள் எண்களையே கொடுத்தார்கள். யார் பெயர் எந்த எண்ணில் என்பதும் அந்த நோட்டில் ஏறியது.

பயமும் இருந்தது. நடிகர் விவேக் அந்த ஆண்டு ஏப்ரல் 15இல் ஊசி போட்டுக்கொண்டார், 17இல் இறந்தார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில்தான். இடைப்பட்ட மாதங்களில் ஊர் ஊருக்கு இதுதான் பேச்சு. "அவ்ளோ பெரிய ஆளு, அவருக்கு இல்லாத டாக்டரா? நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடீ கேக்கப்போறா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அது அறியாமைக் கேள்வி இல்லை. அரசு மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு வருகிற கேள்வி. மாணவி சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது: "நானும் போட்டுக்கிட்டேன் பெரிம்மா. கை வலிக்கும். ராத்திரி காய்ச்சல் அடிச்சாலும் அடிக்கும். அடிச்சா பாரசிட்டமால் ஒண்ணு போட்டுக்க. காலைல நான் வந்து பாக்கறேன்."

ஒன்றுமே ஆகாது என்று அவர் சொல்லவில்லை. என்ன ஆகும், ஆனால் என்ன செய்ய வேண்டும், யார் வருவார் என்று சொன்னார். மருந்து படித்தவர் பேச்சு அது. அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 19, காலனிச் சமுதாயக் கூடத்தில் மேசை போட்டார்கள். குப்பி குப்பியாகத் திறந்தார்கள். எதுவும் கொட்டப்படவில்லை. திங்கட்கிழமை காலை கல்லூரி பஸ்ஸைப் பிடிக்கும் முன் அவர் அந்தப் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார். 84 நாள் கழித்து இரண்டாம் ஊசி. டிசம்பர் நடுவில், மழைக்கும் சேற்றுக்கும் நடுவே, அதே நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனார்.

ஊசி போட்டது செவிலியர்தான். பார்மசி மாணவி ஊசி போடக் கூடாது. ஆனால் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் போடலாம் என்று மத்திய அரசின் கொரோனா தடுப்பூசி வழிகாட்டு நெறிகளே 2020 டிசம்பரில் சொன்னன. மருத்துவர், செவிலியர் வரிசையில் பார்மசிஸ்ட்டையும் சேர்த்திருந்தார்கள். ஆக, அந்த மேசைக்குப் பின்னால் நின்ற மாணவர்கள் சும்மா கூட்டம் ஒதுக்க வந்தவர்கள் அல்ல. நாளை அதே நாற்காலியில் உட்காரப் படிக்கிறவர்கள்.

நோய் சாதி பார்க்காதா?

கொரோனா சாதி பார்ப்பதில்லை என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். கிருமி பார்க்காது. ஆனால் மருந்து வந்து சேரும் பாதை பார்க்கும். 1918இல் இன்ஃப்ளுயன்சா பம்பாய் நகரை அடித்தபோது எழுதிவைத்த கணக்கு இன்றும் இருக்கிறது. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று ஆவணம் குறிப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் இறந்தார்கள். மற்ற இந்துக்களில் ஆயிரத்துக்குச் சுமார் 19. ஐரோப்பியர்களில் சுமார் 8. ஒரே நகரம், ஒரே காய்ச்சல். குடியிருந்த இடமும், சாப்பாடும், மருத்துவர் வந்தாரா இல்லையா என்பதும்தான் வேறு.

அந்த இடைவெளியில் நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் புலே நோயாளிகளைத் தன் மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை இடத்துக்குக் கொண்டுசேர்த்தார். தீண்டத்தகாதார் குடியிருப்பிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிவந்ததில் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார் என்பது வரலாறு. நம் அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னைப் பலர் அறிவார்கள், அவர் கையிலிருந்த மருந்துப் பெட்டியைச் சிலரே நினைக்கிறார்கள். நம் சேரிகளில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் ஊர்த்தெருவிலும் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை பிறந்ததும் அவர்கள் வாசலுக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள், அது வேறு கதை. மருந்து என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரோ புதிதாகக் கொடுத்த படிப்பு இல்லை.

யாருடைய ஞாயிறு?

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த மாணவி எத்தனையோ ஞாயிறு முகாமில் நின்றார். ஒரு ஞாயிற்றுக்குக்கூட அவருக்குப் பஸ் காசு கிடைக்கவில்லை. மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், சில நாள் அதுவும் இல்லை. ஞாயிறுதோறும் அவர் பக்கத்து டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முகாம் வந்ததும் அந்தக் கூலி போயிற்று. வீட்டில் வசதி உள்ள மாணவரின் ஞாயிறும் இவருடைய ஞாயிறும் ஒன்றல்ல. அவருக்கு அது ஓய்வு நாள். இவருக்கு அது விடுதி மெஸ் கட்டணம்.

வர மறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். "வராதவங்களுக்கு அட்டெண்டன்ஸ் பாத்துக்கலாம்" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். அந்தச் சமயத்தில் அவருடைய கல்வி உதவித்தொகை வந்திருக்கவில்லை. நம் மாநிலத்தில் அரசுக் கல்லூரிகளில் பார்மசி இடங்கள் சொற்பம், பெரும்பாலான இடங்கள் தனியாரிடம். அங்கே படிக்கும் தலித் மாணவர்களுக்கு 2012இல் வந்த அரசாணை 92 மனப்பாடம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்தது. மாநிலப் பங்கு போன பிறகே மத்தியப் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும் என்பது அதன் நடைமுறை. தாளில் எல்லாம் சரி. ஆனால் பணம் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வந்தால், அதுவரை கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பிள்ளை கடன்காரர். ஹால் டிக்கெட் கையில் வருமா என்ற பயத்தோடு நிற்கும் மாணவி "இந்த ஞாயிறு வரமாட்டேன் சார்" என்று சொல்ல முடியுமா? மறுக்க முடியாத இடத்தில் தன்னார்வம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நமக்கு இன்னொரு சொல் தெரியும். வெட்டி. சம்பளம் இல்லாமல் ஊருக்குச் செய்யும் வேலைக்கு அதுதான் பெயர். சாவுச் செய்தி சொன்னது, செத்த மாட்டைத் தூக்கியது, பறை அடித்தது எல்லாம் நம் பாட்டன் காலத்தில் ஊழியம். முகாமில் நின்றதும் அதுவும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். அந்த மாணவியே ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் போனதாலதான் அண்ணா எங்க தெரு ஊசி போட்டுச்சு" என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் தலைமுறைப் பிள்ளையின் உழைப்பையும் இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று நிர்வாகங்கள் எளிதாக நினைப்பதற்குப் பின்னால் அந்தப் பழைய பழக்கம் இருக்கிறதா இல்லையா என்று நாம் கேட்க வேண்டும்.

"நாடே ஆபத்தில் இருந்த நேரம், அதில் கூலி கணக்குப் பார்ப்பதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அரசே கணக்குப் பார்த்தது. கொரோனா பணியில் 100 நாள் முடித்தவர்களுக்கு அரசு வேலை நியமனங்களில் முன்னுரிமை என்று 2021 மே 3 அன்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. ஞாயிறு ஞாயிறாக நின்ற மாணவர் 100 நாளைத் தொட இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்குத் தன்னார்வலர் என்றுதான் பெயர், ஆனால் ஊக்கத்தொகை உண்டு. தன்னார்வலருக்குப் பணம் கொடுத்தால் சேவை கெட்டுவிடும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆகவே இது முடியாத காரியம் இல்லை. பார்மசி மாணவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

இன்னொரு தொற்று வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. டெங்கு காய்ச்சல் மழைக்காலம் தோறும் வருகிறது. அப்போதும் மாணவர்களைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், நம் பிள்ளைகள் முதலில் போவார்கள். அதற்கு முன் நான்கு காரியங்கள் நடக்க வேண்டும்.

முதலாவது, பயிற்சி நேரம். டி.பார்ம் முடிக்க 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி கட்டாயம். அதற்காகப் பல மாணவர்கள் மருந்துக்கடைகளில் சம்பளம் இல்லாமல் நிற்கிறார்கள். குளிர்பெட்டி பராமரிப்பு, மருந்துக் கணக்கு, பக்கவிளைவு கவனிப்பு, மக்களிடம் மருந்து பற்றிப் பேசுவது ஆகிய எல்லாம் முகாமில் உண்டு. இதைவிடப் பயிற்சி எது? வட்டார மருத்துவ அலுவலர் கையெழுத்திட்டால் முகாமில் நின்ற மணி நேரத்தில் ஒரு பகுதியை அந்த 500இல் சேர்க்கப் பார்மசி கவுன்சில் வழி செய்ய வேண்டும். காசு செலவில்லாத காரியம் இது.

இரண்டாவது, பஸ் காசும் சாப்பாடும் ஒரு நாள் படியும். முகாமுக்குப் பந்தல் போடவும் பேனர் அடிக்கவும் பணம் இருக்கிறது. பேனரில் இருக்கும் படங்களுக்குக் கீழே நிற்கிறவருக்கும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உதவித்தொகை நிலுவையில் இருக்கும் மாணவரைக் கட்டணம் காட்டி நெருக்கக் கூடாது. முகாமுக்கு வரவில்லை என்பதற்காக வருகைப் பதிவில் கை வைக்கவும் கூடாது. இதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் எழுத்தில் கல்லூரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

நான்காவது, மேசை எங்கே என்பது. ஒரு கிராமத்தில் இரண்டு முகாம் போட வசதி இல்லையென்றால், காலனியில் போடுங்கள், ஊர் அங்கே வரட்டும். நம் ஜனம் காலம் காலமாக ஊர்த்தெருவுக்கு நடந்திருக்கிறது. ஒரு ஞாயிறு அவர்கள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அது முடியாது என்றால் காலையில் காலனி, மதியத்துக்கு மேல் ஊர் என்று வையுங்கள். காலனியில் எந்த வீட்டில் நர்சிங், பார்மசி, லேப் டெக்னீசியன் படித்தவர் இருக்கிறார் என்ற பட்டியல் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று அப்போது தெரியும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகாமுக்குப் போங்கள், ஆனால் வெறும் கையோடு திரும்பாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதி, அன்றே பணியில் இருக்கும் மருத்துவ அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். கல்லூரி தரும் அட்டையைவிட அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். உதவித்தொகை விண்ணப்பத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் அதே நோட்டில் வையுங்கள். கேட்கும்போது காட்ட நம்மிடம் தாள் இருக்க வேண்டும்.

என்னைப் பார்க்க வந்த பெண்ணிடம் அந்த அட்டையையும் விண்ணப்பத்தோடு வைக்கச் சொன்னேன். கூடவே அந்தப் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு அண்ணா, அம்மா டிரங்குப் பெட்டில வச்சிருக்காங்க" என்றார். அந்த நோட்டில் ஒரு காலனியின் பெயர்கள் பத்துப் பத்தாகக் கோடு போட்டு இருக்கின்றன. ஒவ்வொரு கோடும் வீணாகாத ஒரு குப்பி. அதற்கு எத்தனை மார்க் என்று அரசு சொல்லட்டும்.